இறால் கொம்பு குத்தினால் பயப்பட வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

இறால் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த முறை வந்த கடிதங்களில் சில எனக்கு எழுதியிருக்கவே கூடாது, நேரே டாக்டரிடம் போயிருக்க வேண்டும்.

கேள்வி: மேடம், போன ஞாயிற்றுக்கிழமை முதுநகர் துறைமுகத்தில் ஒரு கிலோ வெள்ளை இறால் வாங்கினேன். உரிக்கும்போது கொம்பு விரலில் குத்தி ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அன்று ராத்திரி போனில் ‘சதை தின்னும் கிருமி’ என்று ஒரு வீடியோ வந்தது. அதிலிருந்து தூக்கம் போச்சு. சிங்க், மேடை, ஃபிரிட்ஜ் கைப்பிடி எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறேன், கையில் தோல் உரிகிறது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அவர் தட்டில் இறாலைப் போடவே கை வரவில்லை. மாமியாரோ, ‘தேவனாம்பட்டினத்துல பொறந்தவ நான், எத்தனை கொம்பு குத்தியிருக்கும், செத்தா போயிட்டேன்’ என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்கள் கடிதம் என் கைக்கு வந்து, அச்சேறி, நீங்கள் இதைப் படிக்கும்போது வாரக்கணக்கில் ஆகியிருக்கும். வீடியோவில் வந்த கிருமிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதன் பெயர் விப்ரியோ வல்னிஃபிகஸ். காயத்தில் புகுந்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளிலேயே காட்டிக்கொடுத்துவிடும். சின்னக் குத்துக்கு இவ்வளவு வலியா என்கிற மாதிரி வலி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரவும் சிவப்பு, வீக்கம், ரத்தம் கட்டிய கொப்புளம், குளிர் காய்ச்சல். இதெல்லாம் வந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒன்றும் வராமல் விரல் ஆறிவிட்டதா? அப்படியானால் அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. இந்த விப்ரியோ வகைகள் எங்கிருந்தோ வந்து நம் கடலைக் கெடுத்தவை இல்லை. வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர்தான் அவற்றின் பிறந்த வீடு. கெடிலமும் உப்பனாறும் கடலில் கலக்கிற இடம் அவற்றுக்கு வருஷம் முழுக்கச் சௌகரியம். மீனவக் குடும்பங்களில் தினமும் யாருக்காவது முள் குத்துகிறது, நண்டு கிள்ளுகிறது. நல்ல உடம்புக்காரருக்கு அது பெரும்பாலும் ஆறிப்போகும் காயம்தான்.

ஆனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவருடைய மகனுக்கு உத்தரவாதம் ஆகாது. கல்லீரல் கெட்டவர்களுக்கும் (குடியால் கெட்டாலும் சரி, பி, சி வகை மஞ்சள் காமாலையால் கெட்டாலும் சரி), சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், கீமோ எடுப்பவர்களுக்கும், நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் இந்தக் கிருமி வேறு முகம் காட்டும். ரத்தத்தில் கலந்துவிட்டால் ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவரைப் பறிகொடுக்கிறோம். அதனால் வீட்டில் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் இறால் சாப்பிடட்டும், நன்றாக வெந்ததை, பயமில்லாமல். உரிக்கிற, நண்டு உடைக்கிற வேலை மட்டும் அவருக்கு வேண்டாம். காலில் புண்ணோ வெடிப்போ இருக்கிற நாளில் சில்வர் பீச்சில் அலையில் நிற்பதும் வேண்டாம். சர்க்கரைக்காரர்கள் கையைத்தான் பார்ப்பார்கள், காலை மறந்துவிடுவார்கள்.

கொம்பு குத்தியதும் செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணம். வேலையை நிறுத்திவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். முள் முனை உள்ளே நின்றிருந்தால் எடுத்துவிட வேண்டும். காபித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் வைத்து அழுத்தாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள். டாக்டரிடம் போக நேர்ந்தால், ‘கையில் அடிபட்டது’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இறால் கொம்பு குத்தியது’ என்றே சொல்லுங்கள். அவர் யோசிக்கிற கிருமியும் எழுதுகிற மருந்தும் அதை வைத்து மாறும். மீன் கையாள்பவர்களுக்குச் சில வாரம் கழித்து அதே இடத்தில் ஆறாத முடிச்சு ஒன்று கிளம்புவதும் உண்டு. அது வேறு கிருமி, அவசரம் இல்லை, ஆனால் தானாகப் போகுமென்று மாதக்கணக்கில் விடக்கூடாது. ஆலையில் கையில் வெட்டு இருக்கிற பெண்களை அன்றைக்கு உரிக்கும் மேசைக்கே விடமாட்டோம், வேறு வேலைக்கு மாற்றிவிடுவோம். இந்த ஒரு வழக்கத்தை எல்லா வீட்டுக்கும் சிபாரிசு செய்வேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். வயிற்றைக் கெடுப்பதில் முன்னால் நிற்பது விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். 1950-ல் ஜப்பானில் ஒசாகா பக்கம், பாதி காய்ந்த குட்டி மத்தி சாப்பிட்டு 272 பேர் படுத்து, 20 பேர் இறந்தபோதுதான் இதை முதலில் பிரித்துக் கண்டுபிடித்தார்கள். சூடும் உப்பும் வாகாக அமைந்தால் பத்து நிமிஷத்தில் இரட்டிப்பாகும். நம் ஊர் வெயிலில் ஐஸ் இல்லாத பிளாஸ்டிக் பையில் இறால் கிடக்கிற ஒவ்வொரு அரைமணியும் அதற்கு லாபம். மறுபக்கம், அடுப்புச் சூட்டில் சுலபமாகச் செத்துவிடும். கண்ணாடி மாதிரி இருந்த சதை முழுக்க வெள்ளையாகிச் சுருண்டுவிட்டால் போதும்.

அப்படியென்றால் ஜனங்கள் எப்படிப் படுக்கிறார்கள்? வெந்த இறாலைப் பச்சை இறால் இருந்த கிண்ணத்திலேயே கொட்டுவதால். இறால் கழுவிய தண்ணீர் தெறித்த மேடையில் வெள்ளரிக்காய் நறுக்குவதால். இறால் கீறிய அரிவாள்மனையை ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுக் கொத்தமல்லி அரிவதால். வெங்காயம், தக்காளி, மல்லி எல்லாம் அரிந்து முடித்த பிறகு கடைசியாக இறாலை எடுங்கள். குழாயைச் சீறவிடாமல் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அலசுங்கள். முடிந்ததும் சிங்கையும் பலகையையும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் சுடுதண்ணீரும் போட்டு ஒரு தடவை தேய்த்தால் வேலை முடிந்தது. பிளீச்சிங் பவுடர் தினசரிக்குத் தேவையில்லை. கழிவறை ஆசிட்டோடு அதைக் கலந்துவிட்டால் வரும் புகை, எந்த இறாலையும்விட மோசம்.

இனி நீங்கள் கேட்காதது. தோல் உரிகிற அளவுக்குக் கை கழுவினால், உரிந்த இடம்தான் கிருமிக்கு வாசல். ஒரு வீடியோ பார்த்து இரண்டு நாள் பயப்படுவது எல்லாருக்கும் உண்டு. வாரங்கள் போயும் கழுவுவதை நிறுத்த முடியவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் அது இறால் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை இருக்கிறது. அரசாங்கம் நடத்துவது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தயங்காமல் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஆற்று முகத்துவாரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டி அள்ளிவந்து எங்களுக்கும் தருகிறார்கள். ‘கொதிக்கவெச்சா எல்லாம் செத்துரும் அக்கா’ என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகி, அரியாங்குப்பம், புதுச்சேரி

பதில்: பாதியை நம்பலாம். மீதிப் பாதிதான் இந்தப் பக்கத்திலேயே நான் பயந்து எழுதும் பகுதி.

நண்டும் இறாலும் இரை தேடித் திரிந்து தின்கிறவை. மட்டியும் ஆளியும் (இரண்டும் ஓட்டுக்குள் வாழும் சிப்பி வகை) இருந்த இடத்தில் இருந்தே தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, மிஞ்சியதை உள்ளே சேர்க்கின்றன. ஒரு பெரிய ஆளி, எல்லாம் கூடிவந்தால், ஒரே நாளில் நூறு லிட்டருக்கு மேல் வடிகட்டும். ஏர்கண்டிஷனர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அறையில் இருந்த தூசியெல்லாம் அதில் இருக்கும். அந்த மாதிரிதான். ஆற்றில் சாக்கடை கலந்தால் சாக்கடை, ஆலைக் கழிவு கலந்தால் அதன் உலோகம், எல்லாம் அந்தச் சின்னச் சதையில் சேரும். கடலூர் சிப்காட் ஓரமாக உப்பனாற்றில் யாராவது மட்டி பொறுக்கினால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கிருமியும் வைரஸும் கொதியில் சாகும், ஆனால் கொதி முழுதாக இருக்க வேண்டும். 1988-ல் ஷாங்காயில் சுமார் 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை ஏ வகை வந்தது. காரணம், சாக்கடை கலந்த இடத்தில் எடுத்த மட்டியைச் சுடுதண்ணீரில் ஒரு முக்கு முக்கி அரைவேக்காட்டில் தின்றது. ஓடு திறந்ததும் அடுப்பை அணைக்கக்கூடாது. திறந்த பிறகும் இன்னும் ஐந்து நிமிஷமாவது கொதிக்கவிட வேண்டும். சமைக்கும் முன் வாய் பிளந்து கிடந்து, தட்டினாலும் மூடாத மட்டியைத் தூக்கிப் போடுங்கள். வெந்த பிறகும் திறக்காததையும் போடுங்கள்.

எவ்வளவு கொதித்தாலும் சாகாதது ஒன்று உண்டு, ஏனென்றால் அதற்கு உயிரே இல்லை. கடலில் சில வகை நுண்பாசிகள் பெருகும் காலத்தில் சாக்ஸிடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். மட்டி அதை வடிகட்டிச் சேர்த்துக்கொள்ளும், அதற்கு ஒன்றும் ஆகாது. தின்ற மனிதனுக்கு ஆகும். 1981-ல் நம் தமிழ்நாட்டிலேயே மட்டி தின்று 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் கேரளத்து விழிஞ்ஞத்தில் கல்லுமேக்காய் தின்று ஏழு பேர் இறந்தார்கள். வாடை கிடையாது, ருசி மாறாது, உப்புத்தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் மணல்தான் போகும்.

அடையாளம் ஒன்றுதான். சாப்பிட்ட அரைமணியிலிருந்து ஒன்றிரண்டு மணிக்குள் உதடும் நாக்கும் மரத்துப்போய்ச் சுருசுருக்கும், பிறகு விரல் நுனி, அப்புறம் பேச்சுக் குழறும், மூச்சு முட்டும். ‘பித்தம்’ என்று மோர் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். மாற்று மருந்து கிடையாது. ஆனால் மூச்சுக்கு மெஷின் வைத்து அந்த ஒரு நாளைத் தாண்டவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். வென்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு ஜிப்மர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கடல் தண்ணீர் சிவப்பாகவோ பச்சையாகவோ நிறம் மாறியிருக்கும்போது, கரையில் மீன் செத்து ஒதுங்கும்போது, மட்டிப் பக்கமே போகாதீர்கள். நிறம் மாறாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், எங்கே எப்போது எடுத்தது என்று தெரியாத மட்டியை நான் வாங்குவதில்லை.

கேள்வி: பாரிஸில் இருக்கும் சித்தப்பா குடும்பம் கிறிஸ்துமஸுக்கு வருகிறது. அங்கே ஆளியைப் பச்சையாக எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவார்களாம். இங்கேயும் வாங்கிவைக்கச் சொல்கிறார்கள். ‘எலுமிச்சை கிருமியைக் கொன்றுவிடும்’ என்கிறார் சித்தப்பா.
– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: எலுமிச்சை கொல்லாது. வினிகர் கொல்லாது. கூடவே குடிக்கிற வெள்ளை ஒயினும் கொல்லாது. சித்தப்பாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்.

அங்கே பச்சையாகத் தின்ன முடிவதற்குக் காரணம் வேறு. ஆளி வளர்க்கிற தண்ணீரையே ஏ, பி, சி என்று தரம் பிரித்து, தொடர்ந்து சோதித்து, பி தரத்துத் தண்ணீரில் வளர்ந்ததைச் சுத்தமான தண்ணீரில் விட்டுக் கழுவிய பிறகுதான் சந்தைக்கு விடுவார்கள். குளிர்காலக் கடல் வேறு. அப்படியும் 2023 டிசம்பர் கடைசியில், சரியாகக் கிறிஸ்துமஸ் முடிந்ததும், ஆர்க்காஷோன் வளைகுடாவின் ஆளி விற்பனையைப் பிரான்ஸ் அதிகாரிகள் நிறுத்திவைத்தார்கள். நோரோவைரஸ், வீடு வீடாக வாந்தி. சுண்ணாம்பாறு முகத்துவாரத்தில் எடுத்த ஆளிக்கு இங்கே தரமும் இல்லை, கழுவலும் இல்லை, தண்ணீரோ வெதுவெதுப்பு. வெங்காயம், மிளகு, தேங்காய்ப்பால் போட்டு நன்றாக வேகவைத்துப் பரிமாறுங்கள். சித்தப்பாவுக்குக் கல்லீரல் தொந்தரவோ சர்க்கரையோ இருந்தால், இங்கே மட்டுமில்லை, பாரிஸிலும் பச்சையாகத் தின்னக்கூடாது.

கேள்வி: இறாலோடு எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் ஆர்சனிக் நஞ்சாகிச் சாவு வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– நெல்லிக்குப்பம்

பதில்: பல வருஷமாகச் சுற்றுகிற செய்தி. இறாலில் இருக்கும் ஆர்சனிக்கில் பெரும்பகுதி உடம்பைத் தொடாமல் சிறுநீரில் போய்விடும் வகை. எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: ஆறு வயதுப் பேரனுக்கு நண்டு சாப்பிட்டால் உதடு தடித்து அரிக்கிறது. ‘கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். கிருமி இல்லாத நல்ல நண்டாக வாங்கினால் சரியாகுமா?
– ஒரு பாட்டி, பரங்கிப்பேட்டை

பதில்: ஆகாது அம்மா. நண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆகாது. இது கிருமி வேலை இல்லை, ஒவ்வாமை. நண்டு, இறால் சதையில் ட்ரோபோமையோசின் என்ற புரதம் இருக்கிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் அது அப்படியே நிற்கும். வீட்டில் ‘பழக்குவது’ ஆபத்தான சோதனை. போன தடவை உதடு, அடுத்த தடவை தொண்டை என்று ஆகலாம். நண்டு கொதிக்கிற ஆவி பட்டாலே சிலருக்கு மூச்சு இழுக்கும், அதனால் சமைக்கும்போது பிள்ளையை அடுப்படியில் வைத்துக்கொள்ளாதீர்கள். இறாலும் அதே புரதம் உள்ளதுதான், டாக்டர் பார்க்கும்வரை அதையும் நிறுத்துங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, குரல் மாற்றம், மூச்சு இழுப்பு இதில் இரண்டு சேர்ந்து வந்தால் அது அட்ரினலின் ஊசி போட வேண்டிய அவசரம். மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக்கூடாது.

கேள்வி: தலை கறுத்த இறால் கெட்டுப்போனதா?
– கோண்டூர், கடலூர்

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆப்பிள் நறுக்கினால் கறுப்பதுபோல, காற்றுப் பட்டதும் இறாலின் உள்ளே இருக்கும் நொதி கறுப்பாக்குகிறது. கெட்டதைக் காட்டுவது மூக்கும் விரலும்: அம்மோனியா நெடி, வழவழப்பு, தலை தொட்டதும் கழன்று விழுவது. இதில் ஒரு வேடிக்கை, கறுக்காமல் இருக்கவே சில இடங்களில் சல்ஃபைட் உப்பில் முக்குவார்கள். பளபளவென்று இருக்கிற இறால் ஆஸ்துமாக்காரருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது அதனால்.

கேள்வி: பெரிய மார்க்கெட்டில் செத்த நண்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? தப்பித்தவறி வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது?
– குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: எந்த நண்டு என்பதைப் பொறுத்தது. பிச்சாவரம் பக்கத்திலிருந்து கயிறு கட்டி வருகிற சேற்று நண்டு உயிரோடு வர வேண்டிய சரக்கு. அது செத்திருந்தால், எப்போது செத்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கடலில் வலையில் வருகிற நீலக்கால் நண்டும் மூணு புள்ளி நண்டும் படகிலேயே செத்துவிடும், அது இயல்பு. அதில் பார்க்க வேண்டியது ஐஸ். ஐஸில் புதைந்திருந்து, கால்கள் விறைப்பாக, தூக்கினால் கனமாக, நெடி இல்லாமல் இருந்தால் வாங்குங்கள். வெயில் பட்டுத் தட்டில் காய்கிறது என்றால் நகர்ந்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் வெளியூர்ப் பெட்டிச் சரக்கு அதிகம் புழங்கும், அப்போது இன்னும் கூர்ந்து பாருங்கள். ஓட்டைப் பிரித்ததும் இரு பக்கமும் இருக்கும் பஞ்சு போன்ற செவுளை எடுத்துவிடுங்கள். மீந்த நண்டுக் குழம்பை ராத்திரி மேடையில் மூடி வைக்காமல், ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வயிற்றுப்போக்கு பெரும்பாலும் மறுநாளுக்குள் வந்து, இரண்டு மூன்று நாளில் தானாக நிற்கும். மெடிக்கலில் கேட்டு மாத்திரை போட்டு அடைக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கரைத்துக் குடியுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 1971-ல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில், சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலானபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீர் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், ஆறேழு மணிநேரம் சிறுநீர் போகாமை, சின்னக் குழந்தை, வயதானவர், கர்ப்பிணி என்றால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் கிளம்புங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள்.

ஃபார்மலின் பற்றியும் கருவாடு பற்றியும் வந்த கடிதங்களுக்கு அடுத்த இதழில்.